கொல்கத்தாவில் ஒரு வார இறுதி: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பாளையங்கோட்டை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறையை ஒட்டிய வார இறுதியில் என் தாயாரையும், கல்லூரியில் வரலாறு படிக்கும் என் மகளையும் அழைத்துக்கொண்டு கொல்கத்தாவுக்குச் செல்லவிருக்கிறேன். சென்னையிலிருந்து கோரமண்டல் விரைவு வண்டியில் புறப்பட்டுச் சனிக்கிழமை முற்பகலில் அங்கே இறங்குகிறோம். திங்கட்கிழமை இரவு ஹவுராவிலிருந்து சென்னை மெயிலில் திரும்புகிறோம்.

எங்கள் மூவருக்குமே அந்நகரம் புதிது. அம்மாவுக்குத் தட்சிணேசுவரக் காளி கோவிலையும், ராமகிருஷ்ண இயக்கத்தின் தலைமையிடமான பேலூர் மடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை. 1970-இல் கன்னியாகுமரிப் பாறையில் விவேகானந்தர் மண்டபம் திறக்கப்பட்ட காலத்திலிருந்தே சுவாமிகள் பிறந்த ஊருக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று சொல்லி வருகிறார். மகள் அருங்காட்சியகம், பழைய கட்டடங்கள், கல்லறைத் தோட்டங்கள், புத்தகக் கடைகள் என்று பெரிய பட்டியல் வைத்திருக்கிறாள். எனக்கு ஆற்றங்கரையும் தெருக்களும் போதும். மூவர் விருப்பத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபோது, ஒரு வாரம் தங்கினாலும் முடியாது என்பது தெரிந்துவிட்டது.

ஆகவே நான் கேட்பது, எதை விடவே கூடாது என்பதைப் போலவே, எதை விட்டுவிட்டால் பெரிய குறை இருக்காது என்பதையும்தான். அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு. சமதளத்தில் நிதானமாக நடப்பார், படிக்கட்டுகள் சிரமம். மூவரும் சைவ உணவு உண்பவர்கள். அந்நகரில் வாழ்ந்தவர்களோ அடிக்கடி சென்று வருபவர்களோ வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

லேக் மார்க்கெட் வாசி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். வங்கிப் பணி நிமித்தமாக இந்நகருக்கு வந்து, ஓய்வு பெற்ற பின்னும் இங்கேயே தங்கிவிட்டவன் நான். உறவினரும் நண்பர்களும் வரும்போதெல்லாம் இதே கேள்வியைக் கேட்பார்கள். அவர்களிடம் முதலில் நான் கேட்பது எந்தக் கிழமைகளில் இருப்பீர்கள் என்பதைத்தான். குறுகிய பயணத்தில் நம் விருப்பத்தைவிடக் கிழமைதான் பெரும்பாலானவற்றை முடிவு செய்கிறது. இந்திய அருங்காட்சியகம், விக்டோரியா நினைவு மண்டபத்தின் காட்சிக்கூடங்கள், ஜோராசாங்கோவில் உள்ள தாகூர் இல்லம் ஆகிய மூன்றும் திங்கட்கிழமை மூடியிருக்கும். கல்லூரித் தெருவின் புத்தகக் கடைகள் பெரும்பாலும் ஞாயிறு விடுமுறை. மாறாக, அலுவலகங்கள் நிறைந்த டல்ஹௌசி சதுக்கப் பகுதியில் நிம்மதியாக நடந்து கட்டடங்களை அண்ணாந்து பார்ப்பதற்கு ஞாயிற்றுக்கிழமையே ஏற்ற நாள். உங்கள் திட்டம் இந்த மூன்று வரிகளிலிருந்தே தொடங்க வேண்டும்.

இரண்டாவது செய்தி சூரியன் பற்றியது. நாட்டின் கிழக்குப் பகுதியில் உள்ள ஊர் என்பதால் ஜனவரியில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் வெளிச்சம் மங்கிவிடும். பாளையங்கோட்டைக் கணக்கில் ஆறரை வரை ஊர் சுற்றலாம் என்று எண்ணினால் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழப்பீர்கள். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள். நகரத்தின் மிகச் சிறந்த காட்சிகள் சில காலை எட்டு மணிக்குள் முடிந்துவிடுபவை.

கோரமண்டல் இப்போது ஹவுராவுக்கு வருவதில்லை. ஆற்றின் மேற்குக் கரையிலேயே தெற்கே தள்ளியுள்ள ஷாலிமார் நிலையத்தில் நின்றுவிடுகிறது. அங்கிருந்து வாடகை வண்டி பிடித்து வித்யாசாகர் பாலம் வழியாக நகருக்குள் வருவதே எளிது. பார்க் தெரு, எஸ்பிளனேடு ஆகிய இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் அறை எடுத்தால் அருங்காட்சியகம் நடை தூரத்தில் இருக்கும், மெட்ரோவும் அருகில். எங்கள் லேக் மார்க்கெட் பக்கம் தங்கினால் இட்லியும் வடிகட்டிய காபியும் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் போக வேண்டிய இடங்கள் பெரும்பாலும் வடக்கே இருப்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சனிக்கிழமை குளித்து உணவருந்திவிட்டு, இந்திய அருங்காட்சியகத்துக்கு மட்டும் செல்லுங்கள். ரயிலில் ஓர் இரவைக் கழித்த உடம்புக்கு அதற்கு மேல் தாங்காது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது, அம்மாவை அறையில் ஓய்வெடுக்க விட்டுவிட்டு, நீங்களும் மகளும் மல்லிக் காட் பூச்சந்தைக்குச் செல்லுங்கள். ஹவுரா பாலத்தின் கிழக்கு முனையில், பாலத்துக்கு அடியிலேயே உள்ளது அது. செண்டுமல்லி மாலைகள் ஆள் உயரச் சுருள்களாகத் தலைச்சுமையில் வரும். காளிக்குச் சாற்றும் செம்பருத்தியும், சிவனுக்குச் சாற்றும் எருக்கம்பூவும் தனித்தனிக் கூடைகளில் குவிந்திருக்கும். தரை ஈரமும் சகதியுமாக இருக்கும். சுமை தூக்குபவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். அங்கிருந்து படித்துறைக்கு வந்து பாலத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். 1943-இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட அந்தப் பாலத்துக்கு ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. நடுவில் 457 மீட்டர் இடைவெளியை இருபுறமிருந்தும் நீளும் எஃகுக் கைகளே தாங்குகின்றன. பாகங்களை மரையாணிகளால் முடுக்காமல், அறையாணிகளால் அடித்து இணைத்திருக்கிறார்கள். அதைக் கட்டப் பயன்பட்ட 26,500 டன் எஃகில் பெரும்பகுதி டாட்டா ஆலையிலிருந்து வந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் நம் நாட்டு எஃகு இவ்வளவு பெரிய வேலையைச் செய்து முடித்தது என்பதை மகளுக்குச் சொல்லுங்கள்.

அன்று முற்பகலில் டல்ஹௌசி சதுக்கத்தைச் சுற்றி நடக்கலாம். 1868-இல் கட்டி முடிக்கப்பட்ட தலைமை அஞ்சலகத்தின் வெண்குவிமாடமும், எழுத்தர்கள் மாளிகையின் செந்நிற முகப்பும் அங்கே தெரியும். பிற்பகலில் விக்டோரியா நினைவு மண்டபம்; உள்ளே போகாவிட்டாலும் தோட்டத்தில் அம்மா அமர்வதற்கு நிறைய இடம் உண்டு. 1906-இல் அடிக்கல் நாட்டி 1921-இல் திறந்தார்கள். இடையில் 1911-இல் தலைநகரைத் தில்லிக்கு மாற்றும் அறிவிப்பு வந்துவிட்டது. பேரரசின் தலைநகருக்கென்று திட்டமிட்ட மக்ரானாச் சலவைக்கல் மாளிகை, தலைநகர் அந்தஸ்தை இழந்த நகரில் எழுந்து நின்றது. என் கருத்தில் உள்ளிருக்கும் காட்சிகளைவிட இந்த வரலாறே பெரிது. தோட்டத்தோடு திரும்பிவிட்டால் இழப்பில்லை.

திங்கட்கிழமையை முழுவதுமாக வடக்குக்கு ஒதுக்குங்கள். காலையில் முதலில் தட்சிணேசுவரம், அடுத்து பேலூர், பிற்பகலில் களிமண் சிலை செய்பவர்களின் குமார்துலி, மாலையில் கல்லூரித் தெரு, இரவில் ஹவுரா. வரைபடத்தில் பாருங்கள்: பேலூர் மட்டும் எதிர்க்கரை, மற்றவை வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ ஒரே கோட்டில், ரயில் நிலையத்தை நோக்கியே வருகின்றன. திரும்பி அலைய வேண்டியிருக்காது.

கல்வெட்டு மாணவன் எழுதியது:

அம்மையாருக்கு வணக்கம். லேக் மார்க்கெட் ஐயா தந்திருக்கும் வரிசை மிகப் பொருத்தமானது. தங்கள் மகள் வரலாறு படிப்பவர் என்பதால், அருங்காட்சியகத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1814-இல் ஆசியக் கழகத்தின் கிளையாகத் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் அது, இந்தியாவிலேயே பழமையானது. யானை எலும்புக்கூடு, எகிப்திய மம்மி என்று எல்லோரும் கூடி நிற்கும் கூடங்களில் நேரத்தைச் செலவிட்டுவிட்டு, களைத்த கால்களோடு பார்ஹுத் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு வெளியேறுபவர்களே அதிகம். தாங்கள் இதை மாற்றிச் செய்யுங்கள்; உள்ளே நுழைந்ததும் பார்ஹுத் எங்கே என்று கேட்டு நேராக அங்கே போய்விடுங்கள்.

மத்தியப் பிரதேசத்தில் சாத்னாவுக்கு அருகே இருந்த பௌத்தத் தூபி ஒன்றைச் சுற்றியிருந்த கல்வேலியும் நுழைவாயிலும் அங்கே உள்ளன. கிறித்துவுக்கு முந்தைய 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் செந்நிற மணற்கற்களை 1870-களில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் கண்டெடுத்துக் கொல்கத்தாவுக்கு அனுப்பினார். புத்தர் அதில் எங்கும் மனித உருவில் காட்டப்படுவதில்லை. போதிமரமும் பாதச்சுவடும் வெற்று இருக்கையுமே அவரைக் குறிக்கின்றன. அதைவிட முக்கியமானது, பல சிற்பங்களுக்குக் கீழேயோ மேலேயோ பிராமி எழுத்தில் அதன் கதை இன்னதென்று குறித்து வைத்திருக்கிறார்கள். மாங்குளத்திலோ சித்தன்னவாசலிலோ தமிழ்ப் பிராமியைப் பார்த்த கண்ணுக்குச் சில எழுத்துகள் உடனே பிடிபடும்.

வட்ட வடிவச் சிற்பம் ஒன்றை மகள் தேடிக் கண்டுபிடிக்கட்டும். அனாதபிண்டிகர் என்னும் வணிகர் புத்தருக்காக ஜேதவனத் தோட்டத்தை வாங்குகிறார். நிலம் முழுவதையும் காசுகளால் பரப்பி மூடுவதே அதற்கு விலை. மாட்டு வண்டியிலிருந்து காசை இறக்குவதும், சதுரக் காசுகளை ஒருவர் தரையில் அடுக்கிக்கொண்டிருப்பதும், தோட்டத்தின் மரங்களும் குடில்களும் அத்தனையும் அந்தச் சிறு வட்டத்துக்குள் அடங்கியிருக்கின்றன. முத்திரைக் காசுகள் புழங்கிய காலத்து மனிதர்கள் அவற்றைக் கையாண்ட விதத்தை, ஏறத்தாழ அக்காலத்துச் சிற்பியே காட்டுகிறார் என்பதால் அது கலை மட்டுமன்று, சான்றும்கூட.

ஞாயிற்றுக்கிழமை டல்ஹௌசி பக்கம் நடக்கும்போது, அருகிலேயே உள்ள புனித யோவான் தேவாலயத்தை விட்டுவிடாதீர்கள். 1787-இல் திறக்கப்பட்ட அதன் வளாகத்தில் ஜோப் சார்னக்கின் கல்லறை இருக்கிறது. 1690-இல் இங்கே வந்து கிழக்கிந்தியக் கும்பினியின் குடியிருப்பை நிறுவியவர் அவர். நகரத்தை நிறுவியவர் என்றே நெடுங்காலம் பாடநூல்கள் அவரைக் குறித்தன. அவருக்கு முன்பே இங்கு ஊர்கள் இருந்தன என்பதால் அப்படிச் சொல்வது சரியன்று என்று 2003-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறியது. அந்தக் கல்லறைமேல் உள்ள கருங்கல் நம் பல்லாவரத்திலிருந்து கப்பலில் வந்தது. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1893-இல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அக்கல்லை ஆராய்ந்து, அந்த வகைப் பாறைக்கே சார்னக்கின் பெயரால் சார்னகைட் என்று பெயரிட்டார். இன்று உலகெங்கும் நிலவியல் மாணவர்கள் படிக்கும் பெயர் அது. சென்னை விமான நிலையத்துக்கு எதிரே நிற்கும் அதே குன்றின் கல்லை ஹூக்ளிக் கரையில் தொட்டுப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த அனுபவம்.

கல்லறைத் தோட்டங்கள் என்று எழுதியிருந்தீர்கள். 1767-இல் தொடங்கப்பட்ட தெற்குப் பார்க் தெருக் கல்லறையில் வில்லியம் ஜோன்ஸ் அடக்கமாகியிருக்கிறார். சமற்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று 1786-இல் இந்நகரில்தான் அவர் உரையாற்றினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1816-இல், தமிழும் தெலுங்கும் கன்னடமும் வேறொரு குடும்பம் என்று சென்னையிலிருந்து ஆங்கில அதிகாரி எல்லிஸ் எழுதினார். இந்தத் தொடர்பில் மகளுக்கு ஆர்வம் இருந்தால் அங்கே அரை மணி நேரம் செலவிடலாம். இல்லையென்றால் விட்டுவிடலாம்.

வங்கம் வாசிப்பவள் எழுதியது:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, மற்ற இருவர் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை நான் ஏற்கிறேன். ஞாயிறு பிற்பகலைப் பற்றி மட்டும் மாறுபட்ட கருத்து உண்டு. விக்டோரியா நினைவு மண்டபத்தைத் தோட்டத்தோடு பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று ஐயா எழுதியிருக்கிறார். உள்ளே தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் வரைந்த ஓவியங்களின் பெரிய தொகுப்பு இருக்கிறது. தென்னாட்டுக் கோவில்களையும் மலைக்கோட்டைகளையும் 1792-ஐ ஒட்டி நேரில் வந்து பார்த்து வரைந்தவர்கள் அவர்கள். புகைப்படம் தோன்றுவதற்கு முந்தைய தமிழ்நாட்டை அறிய விரும்பும் வரலாற்று மாணவி அவர்களை அறியாமல் இருக்கக் கூடாது. போனால் உள்ளேயும் போக வேண்டும் என்பதே என் கருத்து.

ஆனால் என்னிடம் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் விக்டோரியாவை முழுவதுமாக விட்டுவிட்டு ஜோராசாங்கோவுக்கே செல்வேன். வடக்குக் கொல்கத்தாவின் குறுகலான தெரு ஒன்றுக்குள், செங்கல் நிறத்தில் முற்றங்களும் பச்சைச் சன்னல்களுமாக விரிந்து கிடக்கும் தாகூர் குடும்பத்து வீடு அது. 1861 மே 7-இல் இரவீந்திரநாதர் பிறந்தது அந்த வீட்டில்தான். 1941 ஆகஸ்ட் 7-இல் இறந்ததும் அங்கேதான். கவிஞர் மட்டுமல்லர், அவனீந்திரநாதர், ககனேந்திரநாதர் என்று நவீன இந்திய ஓவியத்தின் முதல் தலைமுறையும் அந்த வளாகத்தில் வளர்ந்தது. ஒரு குடும்பம் எவ்வாறு ஒரு மொழியின் இலக்கியத்தையும் இசையையும் ஓவியத்தையும் சேர்த்து வளர்த்தது என்பதை அறை அறையாக நடந்து உணரலாம். விக்டோரியாவைப் போன்ற மண்டபங்களை ஆட்சியாளர்கள் எந்த ஊரிலும் கட்டியிருப்பார்கள். ஜோராசாங்கோ இந்த ஊரில்தான் இருக்க முடியும். மேல்தளத்துக்குப் படியேற வேண்டும் என்பது மட்டுமே உங்களைப் பொறுத்தவரை தடை. அம்மா முற்றத்தில் அமர்ந்திருக்கலாம்.

உணவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வங்கத்தில் சைவம் கிடைக்காது என்று நம் ஊரில் பரவலாக நம்புகிறார்கள், அது உண்மையன்று. வாழைப்பூவையும் வாழைத்தண்டையும் நம்மைப் போலவே நுணுக்கமாகச் சமைப்பவர்கள் வங்காளிகள். கசகசாவை அரைத்து உருளைக்கிழங்கோடு சேர்த்துச் செய்யும் ஆலு போஸ்தோவும், தேங்காய்ப் பல் போட்ட கடலைப்பருப்பும் லூச்சி என்னும் மைதா பூரியும் உங்களுக்குப் பிடிக்கும் என்று உறுதியாகச் சொல்வேன். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பருப்பில் மீன் தலையையும் வாழைப்பூவில் இறாலையும் சேர்த்துச் செய்யும் வழக்கமும் இருப்பதால், பெயரைப் பார்த்துக் கேட்காமல், 'நிராமிஷ்' என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். வெங்காயம் பூண்டுகூட இல்லாத சைவத்தை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். காலைச் சிற்றுண்டிக்குக் கச்சோரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் எந்தத் தெருமுனையிலும் கிடைக்கும்.

நீங்கள் ஜனவரியில் போவது பெரும் பேறு. ஈச்ச மரத்தில் இரவு முழுவதும் வடியும் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் நொலேன் குட் என்னும் புது வெல்லம் குளிர்காலத்தில் மட்டும் கிடைப்பது. நம் கருப்பட்டியின் புகை மணத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தது போல இருக்கும் அதன் சுவை. அந்த வெல்லம் சேர்த்த சந்தேஷ் என்னும் பால்திரட்டு இனிப்பை வட கொல்கத்தாவின் பழைய இனிப்புக் கடை எதிலாவது நின்று சாப்பிடுங்கள். 1844-இலிருந்து சந்தேஷ் மட்டுமே செய்து வரும் கிரீஷ் சந்திர தே, நகுட் சந்திர நந்தி கடை ஹேதுவா அருகே இருக்கிறது, கல்லூரித் தெருவிலிருந்து அதிக தூரமில்லை. ரசகுல்லாவை ஊருக்குக் கொண்டுபோகலாம். வெல்லச் சந்தேஷ் சென்னை போய்ச் சேரும் வரைகூடத் தாங்காது, அங்கேயே சாப்பிட்டுவிட வேண்டும்.

பாளையங்கோட்டை ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பல்லாவரத்துக் கல்லைப் பற்றிப் படித்ததும் மகள் தன் பட்டியலில் பாதியைத் தானாகவே அடித்துவிட்டாள். சனிக்கிழமை அருங்காட்சியகம், ஞாயிறு காலை பூச்சந்தை, முற்பகலில் புனித யோவான் தேவாலயம், பிற்பகலில் ஜோராசாங்கோ என்று முடிவு செய்திருக்கிறோம். விக்டோரியாவைப் போகிற வழியில் பார்த்துக்கொள்கிறோம்.

திங்கட்கிழமை பற்றி இன்னும் சில ஐயங்கள் உண்டு. தட்சிணேசுவரத்திலிருந்து பேலூருக்குப் படகில் போகலாம் என்று கேள்விப்பட்டேன். அம்மாவால் ஏறி இறங்க முடியுமா? காளிகாட்டையும் அன்றே சேர்க்கலாமா என்று அம்மா கேட்கிறார்; சக்தி பீடம் என்பதால் விட மனமில்லை. இரவு வண்டி என்பதால் பெட்டிகளை எங்கே வைத்துக்கொள்வது என்பதும் தெரியவில்லை.

லேக் மார்க்கெட் வாசி எழுதியது:

சகோதரி, ஜோராசாங்கோவைப் பற்றி அந்த அம்மையார் எழுதியதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன், நல்ல மாற்றம்.

தட்சிணேசுவரத்துக்கு மெட்ரோவிலேயே போய்விடலாம். 2021-இல் நீலத் தடத்தை அதுவரை நீட்டினார்கள். எஸ்பிளனேடில் ஏறினால் கடைசி நிலையம். நிலையத்தருகிலிருந்து கோவில் வாசல் வரை நகரும் படிக்கட்டுகளுடன் கூடிய உயர்நடைபாதை இருப்பதால் சாலை நெரிசலுக்குள் அம்மா நடக்க வேண்டியிருக்காது. திங்கட்கிழமை வேலை நாள் என்பதால் காலை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பினால் கூட்டமும் குறைவாக இருக்கும். 1855-இல் ராணி ராசமணி கட்டிய ஒன்பது கோபுரக் காளி கோவில், ஆற்றை ஒட்டி வரிசையாக நிற்கும் பன்னிரண்டு சிவன் கோவில்கள், முற்றத்தின் வடமேற்கு மூலையில் ராமகிருஷ்ணர் வாழ்ந்த அறை ஆகியவை எல்லாம் ஒரே வளாகத்தில் உள்ளன. தரிசனம் முடிந்ததும் கிளம்பிவிடாமல் அந்த அறையில் அம்மா சற்று நேரம் அமரட்டும். அவர் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

படகுப் பயணம் அழகானது. ஆனால் உங்கள் அம்மாவுக்கு வேண்டாம். படித்துறையில் இறங்க வேண்டும். கடலின் ஏற்றவற்றம் இங்குவரை ஆற்றில் தெரிவதால், நீர் வற்றிய வேளையில் மிதவைக்குப் போகும் பலகை செங்குத்தாகச் சாய்ந்திருக்கும். வாடகை வண்டியில் பாலத்தைக் கடந்து போய்விடுங்கள். யாத்ரி சாத்தி என்ற செயலியில் மஞ்சள் வண்டிகளும் கிடைக்கும். பேலூரில் முற்பகல் பதினொன்றரை அளவில் அடைத்து, பிற்பகல் மூன்றரை அளவில்தான் மீண்டும் திறப்பார்கள். ஆகவே ஒன்பதரைக்குள் அங்கே இருப்பது நல்லது. 1938-இல் திறக்கப்பட்ட பெரிய கோவில் ஒரு கோணத்தில் கோவிலாகவும், வேறு கோணங்களில் மசூதியாகவும் தேவாலயமாகவும் தோன்றும்படி அமைக்கப்பட்டது. ஆற்றை ஒட்டி, ராமகிருஷ்ணரின் துணைவியார் சாரதா தேவியாரின் கோவிலும், விவேகானந்தர் தகனம் செய்யப்பட்ட இடத்தில் அவருக்கான கோவிலும் இருக்கின்றன. சுவாமிகள் 1902-இல் மறைந்த அறையையும் அப்படியே பாதுகாத்து வருகிறார்கள், வெளியிலிருந்து பார்க்கலாம்.

காளிகாட்டைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். நகரின் தென்பகுதியில் இருக்கும் அக்கோவிலை வடக்கே செல்லும் நாளோடு சேர்க்க முடியாது. கருவறை குறுகலானது, தள்ளுமுள்ளு அதிகம், உதவுகிறோம் என்று வருபவர்கள் பணத்துக்காக விடாமல் பின்தொடர்வார்கள். ஆட்டுப் பலியும் உண்டு. பக்தியோடு போகிறவர்களை நான் தடுக்க மாட்டேன், நானே போகிறவன்தான். ஆனால் மூட்டு வலியோடும் அவசரத்தோடும் போய் அம்மா வருந்தித் திரும்புவதைவிட, தட்சிணேசுவரத்துக் காளியான பவதாரிணியின் முன்னால் நிதானமாக நின்று வரட்டும். அவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பேலூரிலிருந்து அறைக்குத் திரும்பி, அம்மா பிற்பகலில் ஓய்வெடுக்கட்டும். நீங்களும் மகளும் ஷோபாபஜார் சுதானுட்டி நிலையத்தில் இறங்கிக் குமார்துலிக்கு நடந்து செல்லலாம். துர்க்கை பூசைக் காலத்தில்தான் அங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். ஜனவரியில் அங்கே சரசுவதி செய்துகொண்டிருப்பார்கள். வங்கத்தில் சரசுவதி பூசை நவராத்திரியில் வருவதில்லை, வசந்த பஞ்சமியன்று வருகிறது. பள்ளிக்குப் பள்ளி, தெருவுக்குத் தெரு ஒரு சிலை வேண்டும். மூங்கில் சட்டத்தில் வைக்கோலைக் கட்டி, அதன்மேல் களிமண் பூசி, காயவைத்து, வண்ணம் தீட்டும் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே சந்தில் பார்க்கலாம். படம் எடுப்பதற்கு முன் அந்தக் கலைஞர்களிடம் அனுமதி கேட்க மகளுக்குச் சொல்லுங்கள்.

அங்கிருந்து மெட்ரோவில் மகாத்மா காந்தி சாலை நிலையத்தில் இறங்கினால் கல்லூரித் தெரு அருகில்தான். இன்று பல்கலைக்கழகமாகிவிட்ட பிரசிடென்சி கல்லூரியின் மதிலையே சுவராக வைத்து நிற்கும் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடங்கள். மாடியில் இருக்கும் இந்தியன் காபி ஹவுசில் ஒரு காபி குடிக்கலாம். அத்தெருவுக்குத் தெற்கே போபஜாரில் இருந்த அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தில்தான், கணக்குத் துறை அலுவலராக இந்நகருக்கு வந்த திருச்சிக்காரர் சி. வி. ராமன், 1928-இல் தம் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பைச் செய்தார். சங்கம் பின்னர் ஜாதவ்பூருக்கு மாறிவிட்டது. டிராம் வந்தால் ஏறிக்கொள்ளுங்கள். 1873-இல் குதிரைகள் இழுத்துத் தொடங்கிய அந்த வண்டிகள் இன்று ஓரிரு தடங்களில் மட்டுமே எஞ்சியிருப்பதால், அதை நம்பி நேரம் ஒதுக்க வேண்டாம்.

பெட்டிகளை விடுதி வரவேற்பறையிலேயே வைத்துவிட்டு வரலாம். பெரும்பாலான விடுதிகள் மாலை வரை வைத்துக்கொள்வார்கள். அம்மாவுக்காக மட்டும் அறையை அரை நாள் நீட்டித்துக்கொள்ளுங்கள், அந்தச் செலவு தகும். திங்கள் மாலை ஹவுரா பாலத்தில் வண்டிகள் நகராது. ஆகவே பெட்டி குறைவாக இருந்தால் எஸ்பிளனேடிலிருந்து பச்சைத் தட மெட்ரோவில் ஆற்றுக்கு அடியிலேயே ஹவுரா நிலையத்துக்குப் போய்விடுங்கள். 2024-இல் திறந்த அந்தச் சுரங்கப்பாதை ஆற்றைக் கடக்க முக்கால் நிமிடமே ஆகும். நிலையம் மிக ஆழத்தில் இருந்தாலும் மின்தூக்கியும் நகரும் படிக்கட்டுகளும் உண்டு. பெட்டிகள் அதிகமென்றால் இரவு எட்டரைக்கு மேல், நெரிசல் தணிந்த பிறகு, வாடகை வண்டியில் கிளம்புங்கள். ஹவுராவில் பழைய வளாகம், புதிய வளாகம் என இரண்டு உண்டு. சென்னை மெயில் எந்த நடைமேடையிலிருந்து கிளம்புகிறது என்பதைப் பார்த்துக்கொண்டு அந்தப் பக்க வாசலிலேயே இறங்கினால் அம்மா வீணாக நடக்க வேண்டியிருக்காது.